டோக்கனுக்கு ஷிஃப்ட் கிடையாது

…அங்கேயும் இல்லை, கட்டிலுக்கடியில் மகள் இரமின் ஒற்றைச் செருப்பும் ஒரு கைப்பிடித் தூசியும்தான் இருக்கின்றன, அப்படியானால் அந்த நீல நூல் எங்கே போயிருக்கும், ஒரு முழத்துக்குக் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்ததே, நேற்று சாயங்காலம் பின்னலைச் சுருட்டி நாற்காலியில் வைக்கும்போதுகூட ஜெய்னப் அதை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தானே வைத்தாள், முதல் வரிசை போடும்போதே நூலை நீளமாக வால் விட்டு வையுங்கள், பிற்பாடு பக்கங்களைச் சேர்த்துத் தைக்க உதவும் என்று போன் வீடியோவில் வரும் கன்னடத்து அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், ஜெய்னபுக்குக் கன்னடம் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும் என்றாலும் அந்த அம்மாள் விரலை வைத்துக் காட்டுவதில் புரியாமல் போக ஒன்றுமில்லை, ஆக வால் இருந்தது, இப்போது இல்லை, மொட்டையாக நிற்கிறது. நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்… கடித்ததா, கத்தரித்ததா? உல்லன் நூல் எப்படி அறுந்தாலும் பிசிறு பிசிறாகத்தான் நிற்கும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் என்ன, குளியலறை வாசலில் கால்மிதியின் மேல் அந்தப் பூனை, டோக்கன், கிடக்கிற கிடப்பைப் பார்த்தாலே தெரியவில்லையா, காலையில் ஈரல் துண்டைக் காட்டினால் மோந்துகூடப் பார்க்கவில்லை, உடம்பு ஒரு கை அகலம்தான், அதில் வயிறு மட்டும் உருண்டு இறுகிக் கிடக்கிறது, தொட்டால் ஈனக்குரலில் ஒரு முனகல். தின்றுவிட்டது. நூலைத் தின்றுவிட்டது, சந்தேகமே இல்லை.

மாடி வீட்டு ருக்மணி அக்கா ஒருமுறை சொன்னது இப்போது பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வரவேண்டும்? ராயக்கோட்டையில் அவர்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூனை பூக்கட்டுகிற நூலை விழுங்கி, நூல் குடலைச் சுருட்டி இழுத்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்ததாம், அக்கா அதை ஏதோ கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு விவரமாகச் சொல்லிவிட்டு, நல்ல டீ ஜெய்னப், இஞ்சி போட்டியா என்று கேட்டாள். யா அல்லாஹ், அப்படி மட்டும் ஆகிவிட்டால்… பூனை போனால் பூனையோடு போகுமா, இரமும் அல்லவா போய்விடுவாள். அதுதான் விஷயம், அதைத் தனக்குள்ளே ஒளித்து என்ன ஆகப்போகிறது. கம்பெனி ஹாஸ்டலுக்குப் போன பெண் திரும்பி வந்தது அம்மாவுக்காகவா, அத்தாவுக்காகவா, இந்த இரண்டு கைப்பிடி உயிருக்காக. கேன்டீனில் டோக்கன் வாங்குகிற ஜன்னலுக்குக் கீழே கிடைத்ததாம், அதனால்தான் பெயரும் டோக்கன், ஹாஸ்டலில் வார்டன் அம்மா பூனை இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரம் ஒரு தோளில் பையும் துப்பட்டாவுக்குள் பூனையுமாக வாசலில் வந்து நின்றாள், 'கொஞ்ச நாளைக்கு இது இங்க இருக்கட்டும்மா' என்றாள், இது என்றுதான் சொன்னாள், நான் என்று சொல்லவில்லை. ஜெய்னப் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, கேட்டால் எங்கே திரும்பிப் போய்விடுவாளோ என்று, நேராக அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள், பூனைக்கா மகளுக்கா என்று தெரியாமலேயே காய்ச்சினாள்.

அடுப்பில் தக்காளித் தொக்கு கொதித்துத் தெறிக்கிறது, இன்றைக்கும் தக்காளிதான், இந்த வீட்டில் என்றைக்குத் தக்காளி இல்லாமல் இருந்திருக்கிறது, வீட்டுக்காரர் தஸ்தகீர் விடிவதற்கு முன்பே எழுந்து ராயக்கோட்டை மண்டிக்குப் போய் கூடை கூடையாகப் பிடித்து ஓசூர் கடைகளுக்குப் போடுகிறார், நசுங்கினது எல்லாம் வீட்டுக்கு, ரசம் தொக்கு குழம்பு சட்னி, களிக்குக்கூடத் தக்காளிக் குழம்பு என்றால் நாக்கு என்ன செய்யும் பாவம். அடுப்பை அணைக்கிறாள். யாரிடம் சொல்வது? அவர் மண்டியில் ஏலத்துக்கு நடுவே நிற்பார். ஃபைஸான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளறையில் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்குகிறான், சிப்காட்டில் விடிய விடிய மிஷினோடு நின்றுவிட்டு வருகிற பிள்ளையைப் பூனைக்கு வயிறு சரியில்லை என்று எழுப்பவா முடியும்? இரமுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், வெளியே வந்து பஸ் ஏறினால்தான் அவளைப் பிடிக்க முடியும், பிடித்து என்ன சொல்வது… உன் பூனையை என் நூல் கொன்றுவிட்டது என்றா? நான்கு பேர் இருக்கிற வீடு, ஆனால் பகலில் ஒரு சொல் கேட்க ஆள் கிடையாது, ஒருவர் எழுந்தால் ஒருவர் படுப்பார், ஒருவர் வந்தால் ஒருவர் போவார், அவள் மட்டும் எல்லா ஷிஃப்டுக்கும் பொதுவாக ஒரு பாத்திரத்தை மூடி வைத்து ஒரு பாத்திரத்தைத் திறந்துகொண்டு இருக்கிறாள். போதும் புலம்பியது. ஒயர் கூடையில் பழைய துண்டை விரித்து டோக்கனை எடுத்து வைத்தாள், அது எதிர்க்கக்கூட இல்லை, எப்போதும் கூடையைக் கண்டால் கட்டிலுக்கடியில் பாய்கிற பிசாசு இன்று துணி மூட்டைபோலக் கிடந்தது, அதைப் பார்த்ததும்தான் ஜெய்னபுக்குக் கண் கலங்கியது.

ஷேர் ஆட்டோவில் பாகலூர் ரோட்டு ஜனமெல்லாம் கூடைக்குள் எட்டிப் பார்க்கிறது, ஒரு கிழவர் தெலுங்கில் ஏதோ கேட்கிறார், பிள்ளைப்பேறா என்று கேட்கிறார் போல, வயிறு அப்படித்தானே இருக்கிறது, இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறாள், டோக்கன் ஆண் பூனை, அதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது. துஆ செய்யலாமா, பூனைக்காகத் துஆ செய்தால் கூடுமா, கூடும், ஏன் கூடாது, எல்லாம் அவன் படைத்த உயிர்தானே… ஆனால் அவள் கேட்பது பூனையின் உயிரையா, தன் வீட்டில் மகளுடைய இருப்பையா? இரண்டும் ஒன்றாகத்தான் கலந்து கிடக்கிறது, அவனுக்குப் பிரித்தெடுக்கத் தெரியும். இந்த உல்லன் நூலைத் தொட்டதே இரம் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான், அதற்கு முன் அவள் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும்வரை ஜெய்னப் முழித்திருந்து சோறு போடுவாள், சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஏன் முகம் வாடியிருக்கு, யாராவது ஏதாவது சொன்னாங்களா… 'நீ இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டையில இறங்கலம்மா' என்றாள் ஒருநாள், ஜெய்னப் ஏதோ சொன்னாள், அவள் ஏதோ சொன்னாள், மறுவாரம் ஹாஸ்டல். வெறும் சோறுதான், வேறொன்றும் இல்லை, ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். கை சும்மா இருந்ததில் ஊசியை எடுத்தாள், கம்பெனி லைனுக்குள் ஏசி எலும்பைத் துளைக்கிறது என்று அவள் எப்போதோ சொன்னது மனதில் கிடந்தது, நீல நிறம் அவளுக்குப் பிடிக்கும், யாரிடமும் சொல்லவில்லை, தஸ்தகீர் கேட்டதற்கு உங்க தங்கச்சி பேரப் பிள்ளைக்கு என்றாள், அந்த மனிதரும் சரி என்றார், இந்த அகலத்துக்கு எந்தப் பிள்ளை என்று யோசிக்கவில்லை, அவருக்குத் தக்காளியில்தான் கண் அளவு. ருக்மணி அக்காவிடம் சும்மா பொழுதுபோக என்றாள். உண்மையைச் சொன்னது டோக்கனிடம் மட்டும்தான். போன வாரம் இரமுக்குச் செகண்ட் ஷிஃப்ட், காலையில் வெகுநேரம் தூங்குவாள், அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும், கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுப் பின்னிக்கொண்டே, அவள் தூங்குகிற தைரியத்தில், மடியில் கிடக்கிற டோக்கனிடம் பேசுவாள்… இது உங்க அக்காவுக்குடா, போட்டுக்குவாளோ மாட்டாளோ, நீ நல்லபடியா இரு ராசா, நீ இருக்கற வரைக்கும்தான் அவ இங்க இருப்பா, நான் இருக்கறதுக்காக யாரு இருக்கப் போறா.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சுவாதி சின்னப் பெண், இரமைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம், முன்னால் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு போய் வருவதற்குள் ஜெய்னப் மனதுக்குள் பத்து முறை வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள், உள்ளே போனதும் அடுக்கியதெல்லாம் கொட்டிவிட்டது, 'நூலு… உல்லன் நூலும்மா, நீலம், நான்தான் நாற்காலியில வச்சுட்டேன், என் பொண்ணோட பூனை, அவளுக்குத் தெரியாது' என்று தலையும் வாலுமாகச் சொன்னாள். டாக்டர் அவசரப்படவில்லை, டோக்கனின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள், அங்கேதான் நூல் மாட்டுமாம், இல்லை, வயிற்றை விரல்களால் மெல்ல உருட்டி உருட்டிப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள், அந்தப் புருவம் அவிழ்கிறவரை ஜெய்னப் கூடைப் பிடியை விடவில்லை. 'என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?' காலையில் கொஞ்சம் பால், மதியம் ரெண்டு பருக்கை சோறு. 'அவ்வளவுதானா?' கொஞ்சம் ஈரல். 'கொஞ்சம்னா?' கொஞ்சம்… ஈரல் வாங்குகிற அன்றைக்குக் கொஞ்சம், இப்போதெல்லாம் தினம் வாங்குகிறாள், அதைச் சொல்லவில்லை. 'வீட்டுல வேற யாரு இருக்கீங்க?' என்று கேட்டாள் டாக்டர், என்னோடு நான்கு பேர், மற்ற மூவரும் வேலைக்குப் போகிறவர்கள், பூனைப் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம் என்றாள் ஜெய்னப். 'எதுக்கும் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்கம்மா' என்று டாக்டர் சிரித்தமாதிரி இருந்தது.

தஸ்தகீருக்கு முதலில் காதில் விழவே இல்லை, பின்னால் ஏலக் கூச்சல், பூனையா, எந்தப் பூனை, நான் எங்க அதுக்குப் போட்டேன் என்றார், பிறகு குரலை இறக்கினார், 'வெள்ளன எந்திரிச்சா காலைச் சுத்திச் சுத்திக் கத்துதும்மா, நீங்க எல்லாரும் தூங்கறீங்க, யாரும் ஒண்ணும் வைக்கலன்னு நெனச்சேன், பன்னைப் பால்ல நனச்சு… கொஞ்சம்தான், ஒரு பன்னு.' ஒரு முழு பன். விடிகாலையில் அவர் தின்பதற்கென்று ராத்திரியே ஜெய்னப் எடுத்து வைக்கிற பன், அவர் சாப்பிடவில்லையா அப்படியானால்? ஃபைஸானைத் தூக்கத்திலிருந்து எழுப்பியே ஆகவேண்டியிருந்தது, அவன் கொட்டாவிக்கு நடுவே, 'முட்டைம்மா, நான் வர்றப்ப அது பட்டினியா கிடக்குது, வாசல்லயே நிக்குது, பாவம்னு என் முட்டையில பாதி' என்றான், பிறகு பாதி முழுசானது, மஞ்சள் கருதான் அதுக்குப் பிடிக்கும் என்றும் அவனாகவே சொன்னான். இரம் என்ன போடுகிறாளோ, அது அவளுக்கே வெளிச்சம், பையில் பூனைத் தீனிப் பாக்கெட் ஒன்று இருப்பதை ஜெய்னப் பார்த்திருக்கிறாள். அடப் பாவி டோக்கா, ஒவ்வொருவர் வரும்போதும் பிறந்த நாள் முதல் ஒரு கவளம் கண்டிராதவன்போல வாசலில் நின்றாயே, எல்லா ஷிஃப்டுக்கும் வருகைப் பதிவு போட்டுவிட்டு எல்லா ஷிஃப்டிலும் சாப்பிட்டாயே. ஜெய்னப் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், ஈரலையும் சேர்த்து, இந்த முறை கொஞ்சம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொன்னாள். டாக்டர் சத்தமாகவே சிரித்துவிட்டாள், 'ஏம்மா, நீங்க எல்லாரும் ஷிஃப்ட் போட்டுச் சாப்பிடலாம், டோக்கனுக்கு ஷிஃப்ட் கிடையாது, அதுக்கு இருக்கறது ஒரே வயிறு.'

மருந்து கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்கள், பிறகு உள்ளே ஒரு கூச்சல், ஒரு நாற்றம், உதவிக்கு நின்ற ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார், அவர் முகத்தைப் பார்த்தே ஜெய்னபுக்குத் தெரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவு நாற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் முகர்ந்ததில்லை. கூடையில் திரும்பி வந்த டோக்கன் இளைத்து, ஈரமாகி, ஆனால் கண்ணைத் திறந்து, எல்லோர் மேலும் கோபமாக உட்கார்ந்திருந்தது, அந்தக் கோபத்தைப் பார்க்க எவ்வளவு நிம்மதி. நூல் எதுவும் வரவில்லை என்றாள் டாக்டர், வயிற்றில் இருக்கிறமாதிரி கைக்குத் தட்டுப்படவும் இல்லை, ஆனால் உல்லன் நூல் எக்ஸ்ரேயில் தெரியாது, இரண்டு நாள் கவனமாகப் பாருங்கள், இனிமேல் ஒரே ஒருவர்தான் சோறு வைக்க வேண்டும். நிம்மதியில் பெரும்பங்கு கைக்கு வந்துவிட்டது, ஒரு முழம் மட்டும் பாக்கி. அது கிடைக்கும்வரை இரமிடம் மறைக்கலாமா… வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல இருந்துவிடலாம்தான், தொக்கைக் கிளறிக்கொண்டு, வா சாப்பிடு என்று… இரண்டு நாளில் ஏதாவது ஆனால்? மறைத்து வைத்துக் கெட்டது என்றால் அதற்கு மன்னிப்பே கிடையாது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, கம்பெனி பஸ் வருகிற நேரம்தான், கால்கள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் பஸ் நிற்கிற புளியமரத்துப் பக்கம் போயின, அவளும் கூடவே போனாள். சொல்லிவிட வேண்டும். இரவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் சரி, சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைப் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், எல்லோர் கழுத்திலும் ஒரே அடையாள அட்டை, எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி கண்ணாடிப் பை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டில் பார்ப்பதற்காகக் கம்பெனியே கொடுத்த பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு, மாத்திரை, ஒரு பெண்ணின் அந்தரங்கம் அத்தனையும் தெருவுக்குத் தெரிகிற பை. இரம் கூடையைப் பார்த்ததும் ஓடி வந்தாள், 'என்னாச்சும்மா, டோக்கனுக்கு என்னாச்சு?' ஜெய்னப் மூச்சு விடாமல் சொன்னாள், வயிறு, டாக்டர், அத்தாவின் பன், ஃபைஸானின் முட்டை, ஈரல், கடைசியில் அந்தச் சொல்லுக்கு வந்து நின்றாள், 'நூலு ஒண்ணு காணோம் இரம், பின்னல்ல இருந்து… இவன் முழுங்கிட்டானோன்னு.' இரம் கூடைக்குள் விட்ட கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். 'நீல நூலா?' என்றாள். பிறகு தோளிலிருந்த பையைத் திருப்பிக் காட்டினாள். பையின் வாரில், இரட்டை முடிச்சுப் போட்டு, இரண்டு நுனியும் தொங்க, அந்த வால். 'காலையில நான்தாம்மா கத்தரிச்சேன். எல்லாப் பையும் ஒண்ணு போலவே இருக்குது, நேத்து எவளோ என் பைய மாத்தித் தூக்கிட்டுப் போயி உன் தொக்கையும் தின்னுட்டா. அதான் அடையாளத்துக்கு.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜெய்னப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள், மகளை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, உடம்பிலிருந்து பெரிய கல் ஒன்று இறங்கியது, டோக்கன் வயிற்றிலிருந்து இறங்கியதைவிடப் பெரியது. 'கேட்டுட்டு எடுக்கக் கூடாதாடி, நான் பட்ட பாடு' என்றாள். 'எனக்குத்தானே பின்னற, அதுல கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கிட்டேன்' என்றாள் இரம் சாதாரணமாக, 'ஆனா லைனுக்குள்ள உல்லன் போட விடமாட்டாங்கம்மா, உரசுனா கரண்ட் பிடிக்கும், பார்ட்டெல்லாம் கெட்டுடும்னுவாங்க. பஸ்ல போட்டுக்கறேன், பஸ்லயும் குளிருதான்.' கூடையை அவள் வாங்கிக்கொண்டாள், இருவரும் நடந்தார்கள். கரண்ட் பிடிக்குமா, இத்தனை வரிசை பின்னியும் இது தெரியாமல் போயிற்றே, பரவாயில்லை, பஸ்ஸில் போட்டுக்கொள்கிறாளாம்… எனக்குத்தானே பின்னுகிறாய் என்றாளே, யார் சொன்னது இவளுக்கு? தஸ்தகீருக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது, தூங்கிக்கொண்டிருந்தாள்… தூங்கிக்கொண்டிருந்தாளா? அப்படியானால் நீ இருக்கிற வரைக்கும்தான் அவள் இருப்பாள் என்றதும், நான் இருப்பதற்காக யார் இருக்கப்போகிறார்கள் என்றதும்… யா அல்லாஹ். அவள் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. இரம் கூடையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள், 'கேன்டீன்ல வெங்கடப்பன் அண்ணன் அப்பவே கேட்டாரும்மா, என்கிட்ட குடு, நான் வளத்துக்கறேன்னு. நான்தான் குடுக்கல.' அப்புறம் ஏன்… என்று தொண்டைவரை வந்தது, ஜெய்னப் அதைக் கேட்கவில்லை, பூனையை அங்கேயே கொடுத்துவிட்டு ஹாஸ்டலிலேயே இருந்திருக்கலாம் அல்லவா, ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டால் ஒரு பதில் வரும், வந்த பதிலை வைத்துக்கொள்ள இந்தத் தெருவில் இடம் போதாது. 'இனிமே ஒருத்தர்தான் சோறு வைக்கணுமாம், யாரு வைக்கறது?' என்று மட்டும் கேட்டாள், இரம், 'நீயே வையி, ஆனா ஈரல் வேணாம்' என்றாள், வீட்டில் தொக்கு பாதியில் நிற்கிறது, அடுப்பை மூட்ட வேண்டும், களி கிண்ட வேண்டும். அடுத்த வாரம் அவளுக்கு மறுபடியும் செகண்ட் ஷிஃப்ட், காலையில் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து டோக்கனிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதா, இல்லை இன்னும் கொஞ்சம் உரக்கவே பேசுவதா என்றுதான் ஜெய்னபுக்குத் தெரியவில்லை.